முப்பதடியில் ஒரு பெட்ரோல் பங்க்

சென்னியப்பன் தன் மனைவியை நோக்கி வண்டி ஓட்டத் தொடங்கி இது இரண்டாவது நாள். மனைவி முப்பதடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இருக்கிறது அந்தப் பெட்ரோல் பங்க். சாலையை விட்டு இறங்கினால் சிமெண்டுத் தரை, தரையில் மஞ்சள் பெயிண்டில் ஓர் அம்புக்குறி, அதைத் தாண்டினால் பம்ப். பம்புக்குப் பக்கத்தில் நீலச் சட்டையும் தொப்பியுமாக நின்ற துளசிமணியின் மூக்குத்தி அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நேற்றுக் காலை கிளம்பும்போதும் இப்படித்தான் தெரிந்தது. நேற்றுப் பூராவும் ஓட்டி அம்புக்குறியின் வாலைத் தாண்டினான். இன்று விடிந்ததிலிருந்து ஓர் ஆயில் கறையின் மேல் போய்க்கொண்டிருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் போன வருஷம் சிந்திவிட்டுப் போனது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சென்னை போகிற தூரம் இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் மடிப்பி. உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி. செயின் கவருக்கு மேலே மாட்டுவது. முன்னால் கிடக்கிற சாலையைப் புடவை மாதிரி மடித்து, பத்துக் கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டராக்கி வண்டிக்குக் கொடுக்கும். மடிவது அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். பக்கத்தில் போகிறவனுக்குச் சாலை பழைய நீளத்திலேயே கிடக்கும். அறுபது கொடுத்த வண்டி அறுநூறு கொடுத்தது. புது வண்டி வாங்கினவனிடம் பிரேக் பிடிக்கிறதா என்று கேட்காமல் 'லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது' என்று கேட்கிற ஜனங்கள் நாம், விடுவோமா? கோயில் தேரைத் தவிர சக்கரம் உள்ள எல்லாவற்றிலும் ஆறே மாதத்தில் மடிப்பி ஏறிவிட்டது.

மடித்த மீதி ஒன்பது கிலோமீட்டர் எங்கே போகும்? தூரம் அழியாது, இடம்தான் மாறும் என்று கண்டுபிடித்தவர்களே சொன்னார்கள். ஆகவே மிச்சத்தைப் பிடித்துவைக்க சீட்டுக்கு அடியில் தூரக்குடுவை என்று ஒன்றை வைத்தார்கள். குடுவை நிறைந்தால் கொட்ட வேண்டுமே? ஓடுகிற வண்டியிலிருந்து கொட்டினால் பின்னால் வருகிறவன் கதி என்ன? கமிட்டி போட்டு யோசித்தார்கள். நம் ஆள் எஞ்சினை அணைத்து, வண்டியை விட்டு இறங்கி நிற்கிற இடம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான், அது பெட்ரோல் பங்க் என்று கமிட்டி கண்டுபிடித்தது. டேங்க் மூடியைத் திறந்தால் குடுவை தானாகக் கொட்டிக்கொள்ளும்படி வைத்துவிட்டார்கள். கழற்றினாலும் கொட்டிவிடும், உடைத்தாலும் கொட்டிவிடும். மடியும்போது ஒருத்தனுக்கு மடிந்த தூரம், கொட்டும்போது ஊருக்கே கொட்டும்.

முதல் இரண்டு மூன்று வருஷம் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பங்க் முதலாளி இடத்தை அளந்து பார்த்து, அரை சென்ட் கூடியிருக்கிறது என்று பூரித்து, பட்டாவுக்கு மனுக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் டயருக்குக் காற்றடிக்கிற மிஷினை வைத்தார். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சிமெண்டுத் தரை இனிமேல் தாங்காது என்கிற கட்டத்தில், உள்ளே அமுங்கிக் கிடந்த தூரமெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது. ஒரு வாரத்தில் ஊர் ஊராகப் பங்குகள் இப்படி ஆயின. பார்வைக்கு அதே முப்பதடி. வெளிச்சம் இந்தக் கணக்கில் சேராது. காலுக்கும் சக்கரத்துக்கும் மட்டும், காசிக்கு இரண்டு தடவை போய்வருகிற தூரம். பின்பக்கச் சுவர் வழியாகப் போனாலும் அதே தூரம், மேலே பறந்து போனாலும் அதே தூரம். தீயணைப்புக்காரர்கள் ஒரு மின்வண்டியை அனுப்பினார்கள். சார்ஜ் தீர்ந்து அது நாலடி உள்ளே நிற்கிறது. அதை ஓட்டிப்போனவர் நடந்தே திரும்பிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

அன்றைக்குப் பகல் ஷிஃப்டில் துளசிமணி மட்டும்தான் பம்பில் இருந்தாள். கூட வேலை செய்தவன் டீ குடிக்க ரோட்டுக்கு வந்ததால் தப்பித்தான். துளசிமணிக்குச் சின்ன வயசிலிருந்தே சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். பங்க் கடையின் குளிர்பெட்டியில் அவள் வைத்திருந்த ஒரு குப்பி நாளைக் காலையோடு சரி. தின்பதற்கு அந்தக் கடையில் மீதி இருந்தது கடலை மிட்டாயும் சாக்லேட்டும் கூல்டிரிங்ஸும். சர்க்கரைக்காரியை மிட்டாய்க் கடையில் வைத்துப் பூட்டின மாதிரி.

சென்னியப்பன் நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்த ஐஸ் டப்பாவில் ஒரு மாதத்துக்கான குப்பிகள் இருந்தன. அக்கம்பக்கத்தில் கேன்களில் மிச்சமிருந்த பெட்ரோலை வாங்கி, டேங்க் விளிம்புவரை நிரப்பிக்கொண்டு கிளம்பியிருந்தான். மடிப்பி இல்லாமல் ஓட்டினால் கால்வாசிகூடப் போக முடியாது. மடிப்பி போட்டு ஓட்டினால், டேங்க் மூடியைத் தொடாமல் ஓட்டினால், கணக்குக்குச் சரியாகப் போய்ச் சேரலாம்.

"ஏனுங்க, நீங்க அப்படியே நிக்கற மாதிரியே இருக்குதுங்க," என்றாள் துளசிமணி போனில். "வீல் மட்டும் சுத்துது."

"நாப்பத்தஞ்சுல வர்றேன் புள்ள. அதுக்கு மேல முறுக்குனா மைலேஜ் கெட்டுப்போயிரும்."

"இப்பக் கூடவா மைலேஜு?"

"இப்பத்தான மைலேஜு! தலை சுத்தல் எப்படி இருக்குது?"

"இருக்குது. கண்ணு கொஞ்சம் மங்கலாத் தெரியுது. உங்க மூஞ்சி மங்கலாத் தெரியறது நல்லதுக்குத்தான்."

"வந்து பேசிக்கறேன் இரு."

ஆயில் கறை முடிந்தது. தரையில் ஒரு பஸ் டிக்கெட் கிடந்தது. அதை ஓரமாகத் தாண்ட அரை மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது. துளசிமணியின் சட்டைப் பையில் தைத்திருந்த பெயரை இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. மடிப்பியின் சின்னத் திரை, பாக்கி நாற்பது கிலோமீட்டர் என்றது. மடித்துப் பார்த்தால் நாலே கிலோமீட்டர். சென்னியப்பனுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அப்போது வண்டி இருமியது.

இரண்டு தடவை இருமி, ஒரு தடவை உதறி, நின்றது. நாலு கிலோமீட்டர், தள்ளிக்கொண்டே போயிருக்கலாம். மடிப்பிக்கு எஞ்சின் ஓட வேண்டும் என்பதில்லை, சக்கரம் சுற்றினால் போதும். தள்ளிக்கொண்டு போகலாம் என்றுதான் அவனும் நினைத்தான். ஆனால் இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவனின் கை, அவனுடைய யோசனைக்காகக் காத்திருக்கவில்லை. வண்டி நின்றால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்வார்களோ அதைச் செய்தது. சாவியை உருவி, டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை இடுப்பால் இப்படியும் அப்படியும் ஆட்டி, உள்ளே ஏதாவது தளும்புகிறதா என்று காது வைத்துக் கேட்டது.

சீட்டுக்கு அடியில் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. குடுவை காலியாகிற சத்தம். இரண்டு நாளாக மடித்த தூரமெல்லாம் அவனைச் சுற்றி எட்டுத் திசையிலும் கொட்டியது. துளசிமணி நின்ற இடத்திலேயே நின்றாள். எழுத்துக்கூட்டிப் படித்த பெயர் இப்போதும் படிக்கிற மாதிரியே இருந்தது. மடிப்பியின் திரையில் மட்டும் எண்கள் ஓட ஆரம்பித்து, ஓடி, ஓடி, நாலாயிரத்தில் வந்து நின்றன.

துளசிமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் கையைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள் துளசிமணி மெதுவாக. "மூடியத் தொறந்தீங்களா?"

"பழக்கத்துல..."

"சரி வுடுங்க."

"துளசி..."

"வுடுங்கன்னு சொல்றன்ல. அழுதீங்கன்னா எனக்கும் வந்துரும். தண்ணி வேற கம்மியாத்தான் இருக்குது."

அவன் மூடியைப் பூட்டினான். ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தான். ராத்திரி பகலாகத் தள்ளினாலும் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அவளிடம் இருந்தது ஒரே ஒரு ஊசி. பெட்ரோல் இல்லாமல் வண்டி நகர்வதால், மடிப்பியின் திரை லிட்டருக்கு எவ்வளவு என்கிற கட்டத்தில் கணக்கிட முடியாத மைலேஜ் என்று காட்டி, பக்கத்தில் ஒரு கிரீடத்தையும் போட்டது.

சாயங்காலம் பின்னால் ஒரு வண்டி வந்தது. பின் சீட்டில் பச்சையும் சிவப்புமாக பிளாஸ்டிக் குடங்களைக் கோபுரமாகக் கட்டிக்கொண்டு வந்தவன் பக்கத்தில் நிறுத்தினான். மாரப்பன், முத்தூர்க்காரன், ஊர் ஊராகக் குடம் விற்கிறவன், பெட்ரோல் போட வந்துகொண்டிருந்தான். அவன் வண்டியின் டேங்க் பெரியது.

"என்னுங்க, தள்ளிட்டுப் போறீங்க? தீந்துருச்சா?"

சென்னியப்பன் நடந்ததைச் சொன்னான். "ஒரு அரை லிட்டரு குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"குடுக்கலாமுங்க. மூடியத் தொறந்தா என்ற குடுவையும் இங்கயே கொட்டிருமே. அப்பறம் ரெண்டு பேரும் சேந்து தள்ள வேண்டியதுதான்."

"அப்ப என்னையாவது ஏத்திக்கங்க. குடத்தை இறக்கிப்போடலாம்."

மாரப்பன் தலையைச் சொறிந்தான். "குடம் காத்து மாதிரிங்க, வெயிட்டே இல்ல. நீங்க எழுபது கிலோ இருப்பீங்க. டபுள்ஸ் போனா மைலேஜ் அடிபட்டுருமுங்க. அளந்துதான் வந்திருக்கறேன், பம்பைத் தொடறதுக்குள்ள நின்னுரும்."

அதில் பொய் எதுவும் இல்லை. சென்னியப்பன் நெஞ்சிலிருந்து ஐஸ் டப்பாவை அவிழ்த்தான்.

"இதை அவகிட்டக் குடுத்துருங்க. விடியறதுக்குள்ள போயிருவீங்களா?"

"அதெல்லாம் போயிருவேன். தங்கச்சி மாதிரி பாத்துக்கறேன், நீங்க மனசத் தளர விடாதீங்க." மாரப்பன் டப்பாவை ஒரு சிவப்புக் குடத்துக்குள் பத்திரமாக வைத்துக் கட்டினான். கிளம்பும்போது அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "இந்த வண்டி எழுநூறு குடுக்குதுங்க. மூணு வருஷம் ஆச்சு, இன்னும் எழுநூறு."

விடிந்தபோது சென்னியப்பன் கண் எதிரிலேயே அது நடந்தது. குடக்கோபுரம் மெல்ல மெல்ல நகர்ந்து பம்பைத் தொட்டது. மாரப்பன் இறங்கினான். துளசிமணி இரண்டு கையாலும் டப்பாவை வாங்கினாள். கடைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருந்துவிட்டு வந்தாள். போனில் அவள் குரல் கேட்டதும் சென்னியப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போட்டுட்டேனுங்க. ஒரு மாசத்துக்குக் கவலை இல்ல."

"சாமி..."

"சாமி இல்ல, குடக்காரரு." சிரித்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிப் பேசுவது கேட்டது. "அண்ணா, அண்ணா, இருங்க. என்ன பண்றீங்க?"

"ஃபுல் டேங்க் அடிச்சு விடும்மா."

"மூடியத் தொறக்காதீங்கண்ணா. நீங்க அவ்வளவு தூரத்தையும் மடிச்சுக் கொண்டாந்திருக்கீங்க. எல்லாம் இங்க கொட்டிரும். அவர் அங்க தள்ளிட்டு வர்றாரு."

"தொறக்காம, பெட்ரோல என்ற வாயிலயா ஊத்துவே?" மாரப்பன் கத்தவில்லை, கெஞ்சினான். "ரெண்டு கொழந்தைங்கம்மா எனக்கு. ஒரு வாரமா வேவாரம் இல்ல. நானும் வெளிய போகோணுமல்ல? தொறந்தாத்தான் ஊத்த முடியும், ஊத்துனாத்தான் போக முடியும். உன்னையும் ஏத்திக்கறேன். வழியில அவரையும் பாத்துக்கலாம்."

"தள்ளிட்டே போயிருங்கண்ணா. அவர் தள்றாரல்ல?"

மாரப்பன் திரும்பிச் சாலையைப் பார்ப்பது சென்னியப்பனுக்குத் தெரிந்தது. முப்பதடியில் ஒரு டீக்கடை, ஒரு வேப்பமரம், ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு மினி பஸ். மாரப்பன் அதையெல்லாம் ரொம்ப நேரம் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சென்னியப்பனுக்குப் பின்னால் சாலையோரத்தில் ஹாரன் சத்தம் எழுந்தது. ஒருத்தன் பம்பைத் தொட்டுவிட்டான் என்ற செய்தி பரவி, இருபது முப்பது வண்டிகள், எல்லாவற்றிலும் மடிப்பி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிமெண்டுத் தரையில் இறங்கிக்கொண்டிருந்தன.

"மாரப்பண்ணே, வேண்டாம்!" என்று சென்னியப்பன் போனில் கத்தினான்.

மாரப்பனுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. சாவியைத் திருப்பினான். மூடி திறந்தது. கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை. ஒரு பச்சைக் குடம் மட்டும் லேசாக ஆடி நின்றது.

போனில் சத்தம் நின்றுபோயிருந்தது. சென்னியப்பன் மறுபடி அவள் எண்ணைப் போட்டான்.

போன் கம்பெனிக் கணினிக்கு ஒரு கணக்கு உண்டு. பூமி உருண்டை, அதன்மேல் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆள் அதிகபட்சம் இருபதாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அதற்கு மேல் தள்ளி ஒருத்தர் இருக்க பூமியில் இடம் கிடையாது. இடமே இல்லாத இடத்தில் வாடிக்கையாளரும் இருக்க முடியாது. ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாக, "நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை. தயவுசெய்து எண்ணைச் சரிபார்க்கவும்," என்றது.

சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் போட்டான். அதே பெண், அதே மரியாதை.

கண் எதிரிலேயே துளசிமணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். போனைச் சட்டைப் பைக்குள் போட்டாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு வரிசையில் தயங்கி நிற்கிற வண்டிக்காரனைப் பம்புக்குக் கூப்பிடும்போது அசைப்பாளே, அதே மாதிரி, உள்ளங்கையைத் தன் பக்கம் மடக்கி மடக்கி அவனைப் பார்த்து அசைத்தாள்: வாங்க, வாங்க, இன்னும் கொஞ்சம் முன்னால வாங்க.