டேம்பரில் சுற்றிய கம்பி

எண்பத்தோராம் வருஷத்து ஆடிக் காற்று சங்கரன்கோவில் தெருவெல்லாம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வெள்ளத்துரை அண்ணாச்சியின் கஞ்சிப் பட்டறைக்குள் மதியம் போல என் தகரவேலைப் பையோடு நுழைந்தேன்.

"மஜீது பாய், டேம்பர் தானா மூடிக்கிடுது. புகை அடைஞ்சு போவுது. என்னன்னு பாரும்வே" என்றார்.

கஞ்சி போட்ட நூலைக் கரியடுப்பு மூட்டிக் காயவைக்கும் அறை. ஜன்னல் கிடையாது. புகை வெளியேற, கூரைக்கு ஏறும் தகரக் குழாய் ஒன்றுதான். அந்தக் குழாயைத் திறந்து மூடும் வட்டத் தகடுதான் டேம்பர்.

கூரையேறினேன். கைப்பிடியில் துருப்பிடித்த கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. வெட்டித் தெருவில் எறிந்து, எண்ணெய் விட்டேன். ஒரு விரலுக்கே தகடு திரும்பியது. இதற்கா என்னைக் கூப்பிட்டார் என்று எரிச்சலாக வந்தது.

இறங்கியதும், நூல் சுற்றும் ஆறுமுகத்தாய் கிட்டே வந்தாள்.

"போன ஆடியில எங்க வீட்டுக்காரரு இதுக்குள்ளதான் செத்தாவ. காத்துல நூல் அறுந்துருமாம். ஆள் உள்ள நிக்கது தெரிஞ்சும் அண்ணாச்சி டேம்பரை இழுத்துக் கட்டுனாரு. இப்ப அவரு உள்ள கால வச்சாத்தான் பாய் மூடுது."

பேயாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தேன். ஆனாலும் அண்ணாச்சியிடம் போய், "நீங்க உள்ள போகாதீங்க" என்றேன்.

"எம் பட்டறைக்குள்ள நான் போகப்பிடாதா?" என்று சிரித்தபடி நுழைந்தார்.

கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

மேலே, டக்.

"பாய், திறயும்."

தோளால் முட்டினேன். கதவு அசையவில்லை. கூரைக்கு ஓடினேன். தெருவில் எறிந்த அதே துருக்கம்பி, கைப்பிடியை இறுக்கிக் கட்டியிருந்தது.

பிளையரால் ஒரு சுற்றை வெட்டினேன். அடுத்த சுற்று என் கண்முன்னே இறுகியது.

குழாய்க்குள் இருமல் கேட்டது. கரிப்புகை நாற்றம் வந்தது.

பிறகு இருமல் நின்றது.

கம்பி தானாக அவிழ்ந்து விழுந்தது.

கீழே கதவு திறந்து கிடந்தது. ஆறுமுகத்தாய் தலை நிமிராமல் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கத்தான் அதிகம் பயமாக இருந்தது.

காரியம் முடிந்து பட்டறை திறந்த அன்று, அண்ணாச்சியின் மகன் கோமதிசங்கர் ஆள்விட்டான். நான் போனபோது அந்த அறைக்குள் நின்று நூலைத் தடவிக்கொண்டிருந்தான். இரண்டு ஆட்கள் அடுப்பில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காத்துல நூல் பட்டுபட்டுன்னு அறுது பாய். டேம்பரை இழுத்துக் கட்டிரும்."

"வெளிய வா தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன்.

பிளையர் என் பைக்குள்தான் இருந்தது. கூரைமேல் யாரோ கம்பியை முறுக்கும் சத்தம் கேட்டது.