வீட்டில் கலந்துவிட்டு வருகிறோம்

மாலையில் வெளிச்சம் மங்கியதும் குளியலறைச் சுவரில் துணி வாங்கும் வாய் திறக்கும். துணிவாய் என்போம். உடுத்தியிருந்ததைக் கழற்றி அதில் போடவேண்டும். அது மூடிக்கொண்டதும் பக்கத்து அடுக்கில் ஒரு சோடி உடை வந்து விழும். தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். அளவு சரியாகவே இருக்கும். அதைத் தவிர அதில் நமக்கென்று எதுவும் இருக்காது.

போட்ட துணி மறுநெசவகத்துக்குப் போய்விடும். அங்கே அதை நூலாகப் பிரித்து, ஆவியில் சுத்தம் செய்து, மறுபடி நெய்து யாருக்கோ அனுப்புவார்கள். நேற்று என் தோளில் கிடந்த நூல் இன்று எந்தத் தெருவில் யார் முழங்காலில் இருக்கிறதோ தெரியாது. எல்லாத் துணியும் கஞ்சி நிறம்தான். சாயம் போடத் தண்ணீர் வேண்டுமே.

கடல் தூத்துக்குடிக்குள் வந்து திரும்பிப் போகாமல் இருந்துவிட்ட பிறகு, எங்களைக் கோவில்பட்டிக்கு மேற்கே இந்த மேட்டில் குடியேற்றினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைத்ததே பெரிய காரியம். துணி துவைப்பதைத்தான் முதலில் நிறுத்தினார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. அப்போது எல்லோரும் களைத்துப் போயிருந்தோம். அந்தக் களைப்பு பிறகும் போகவில்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான்.

என் கணவர் தவசி ஒரு துண்டை ஒளித்து வைத்திருந்தார். சிவப்புத் துண்டு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் கழுத்தில் போட்டிருந்தது. வெள்ளத்தில் வீட்டை விட்டு வந்தபோதும் கழுத்தில் கிடந்ததால் கூடவே வந்துவிட்டது. வீட்டுக்குள் எவ்வளவு நூல் இருக்கிறது என்பது துணிவாய்க்குத் தெரியும். ஆனால் தகரத்துக்குள் இருப்பது தெரியாது. இதை யார் கண்டுபிடித்தார்களோ, எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துண்டு எங்கள் தூக்குவாளிக்குள் இருந்தது. சாப்பாடு எடுத்துப் போகும், மூடி போட்ட தகரப் பாத்திரம் அது.

துண்டு அழுக்கானால் என்ன செய்வது? அதற்குத்தான் மாதம் ஒரு சனிக்கிழமை நினைவங்காடிக்குப் போனோம்.

மூழ்கிய கடைகளிலிருந்து மீட்ட சாமான்களை வைத்து நடத்திய இடம் அது. மிக்சி, கிரைண்டர், கதவு வைத்த ஃப்ரிட்ஜ், வரிசையாக வாஷிங் மெஷின்கள். எதையும் வாங்க முடியாது. சொந்தமாக இயந்திரம் வைத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது. ஆனால் பார்க்கலாம், குமிழைத் திருகலாம், பேரம் பேசலாம். விற்பனையாளர் பொன்ராசு, நெற்றியில் விபூதியோடு, உண்மையிலேயே விற்கிறவர்போல் ஓடி வருவார். கடைசியில் “பில் போடலாமா?” என்று கேட்பார். “வீட்ல கலந்துட்டு வாறோம்” என்று நாங்கள் சொல்லவேண்டும். பழைய காலத்தில் வாங்க மனமில்லாதவர்கள், வீட்டில் பேசி முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டு நழுவிய வார்த்தை. இங்கே அதுதான் வெளியேறும் சீட்டு. எல்லோரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவோம்.

நான் வட்டக் கண்ணாடி வைத்த மெஷினின் முன்னால் நிற்பேன். அவர் இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேட்டிக்கை விட்டு நகரமாட்டார்.

“ஏட்டி கனி, அதுல என்ன இருக்கு? கண்ணாடிக்குள்ள துணி சுத்துறதப் பாத்துக்கிட்டு நிக்கவா?”

“நீங்க மட்டும் என்ன, இதுல தண்ணிய ஊத்தி, துணிய அள்ளி இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போட்டு... அதுக்கு நான் கையாலயே துவைச்சிருவேன்.”

“துவைச்சுக் கிழிச்ச.”

“அண்ணாச்சி சொல்றதும் சரிதான், அக்கா சொல்றதும் சரிதான்” என்பார் பொன்ராசு. “ரெண்டையும் எடுத்துருங்க.”

“எடுத்தா என்ன இலவசம்?” என்பார் தவசி.

“ஹாட் பாக்ஸ் அண்ணாச்சி.”

“ஹாட் பாக்ஸா? போன மாசம் அயர்ன் பாக்ஸ் தாறேன்னீரு. மாசத்துக்கு மாசம் இறங்கிக்கிட்டே போறீரே. அடுத்த மாசம் கரண்டியா?”

இவ்வளவும் முடிந்த பிறகுதான் செய்முறை விளக்கம். அந்த செமி ஆட்டோமேட்டிக் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் அனுமதித்திருந்தார்கள். அதையே வடிகட்டி வடிகட்டி ஊற்றுவார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தூக்குவாளியைத் திறப்பார்கள். ஒருத்தி பச்சைப் பாவாடை வைத்திருந்தாள், ஒருவர் குழந்தைச் சட்டை. பொன்ராசு எதையும் பார்க்காதவர்போல் மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டைமரைத் திருகினால் டர்ரென்று ஓடி, தொட்டி குலுங்கி, கடைசியில் மணி அடித்து நிற்கும். மூடியைத் திறந்தால் போட்ட துணியே கிடக்கும். அதே கிழிசல், அதே ஓரம். அதற்காகத்தான் அத்தனை பேரும் வந்தோம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும் வழியில், அங்காடியின் சரிவில், தவசி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கையில் தூக்குவாளி இருந்தது. மருத்துவமனையில் அவர் உடுத்தியிருந்ததை அங்குள்ள துணிவாயில் போட்டார்கள். வாளியைத் திறந்து பார்த்தவர்கள் துண்டையும் சேர்த்துப் போட்டார்கள். அது அவர்கள் வேலை. உடலைத் தகனத்துக்குக் கொண்டுபோன பிறகு வாளியை என்னிடம் கொடுத்தார்கள், துடைத்துச் சுத்தமாக.

அதன்பின் நான் அங்காடிக்குப் போகவில்லை. உலோகம் தேவைப்படுகிறது, எல்லாவற்றையும் உருக்கப் போகிறார்கள், இந்தச் சனிக்கிழமையோடு மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். அந்தச் சிவப்பு நூல் எங்கோ பிரிந்து, நிறம் போய், யார் மேலோ இருந்தது. அவருடையதாக என்னிடம் ஒரு நூல்கூட இல்லை. மெஷினையாவது ஒருமுறை தொட்டுவிட்டு வரலாமென்று தோன்றியது.

ஃப்ரிட்ஜ்களை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தார்கள். தரையில் அவை நின்ற சதுரங்கள் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தன. பொன்ராசு ஓடி வந்தார்.

“வாங்கக்கா, வாங்க! எத்தன மாசமாச்சு. அண்ணாச்சி எங்க? கீழ நிக்காவளா? ஹாட் பாக்ஸ் ரெடியா இருக்குன்னு சொல்லுங்க.”

நான் சொன்னேன். பொன்ராசு தன் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செமி ஆட்டோமேட்டிக்கிடம் போய் மூடியைத் திறந்தார்.

“தண்ணி நிறுத்திட்டாங்கக்கா. வெறும் டப்பாவத்தான் ஓட்டணும்.”

“ஓட்டுங்க.”

டைமரைத் திருகினார். காலித் தொட்டி குலுங்கியது. துணியில்லாததால் சத்தம் அதிகமாக இருந்தது. மணி அடித்ததும் இருவரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். ஏன் பார்த்தோம் என்று தெரியவில்லை.

அப்போதுதான் பொன்ராசுவின் கை தொட்டியின் ஓரத்துக்குப் போனது. அங்கே சின்ன வலைப்பை ஒன்று இருக்கும். துவைக்கும்போது துணியிலிருந்து உதிரும் பிசிறு அதில் சேரும். ஃபில்டர் என்பார்கள். எங்கள் பழைய வீட்டில் வாரம் ஒருமுறை அதைக் கழற்றி உதறுவது என் வேலை. அதைத் திட்டிக்கொண்டே செய்வேன்.

“இத நான் சுத்தம் பண்ணுனதே இல்லக்கா” என்று கழற்றி எடுத்தார். “சோம்பேறின்னு வச்சுக்கிடுங்க.”

வலைப்பை உப்பியிருந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் காய்ந்த பஞ்சுபோல ஒரு கட்டி. விரலால் பிரித்தார். இங்கே கொஞ்சம் பச்சை, அங்கே மஞ்சள். நடுவில் சிவப்பு.

“இது அண்ணாச்சி துண்டுதான்.”

“மேலத் தெரு மரியபுஷ்பம்கூட ஒரு சிவப்பு ரவிக்கை கொண்டுவருவா” என்றேன்.

“அது வேற சிவப்புக்கா.”

அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தானே. ஆனாலும் நான் மேலே கேட்கவில்லை.

கட்டியை என் கையில் வைத்தார். எடையே இல்லை. பிறகு இருபது வருடப் பழக்கத்தில் அவர் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“பில் போடலாமாக்கா?”

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“வீட்ல கலந்துட்டு வாங்கக்கா” என்றார் அவரே, மெதுவாக.

“இனி யார்ட்ட கலக்க, பொன்ராசு? பில்லப் போடுங்க.”

அவர் மேசையில் கிடந்த பழைய பில் புத்தகத்தைப் பிரித்தார். பேனாவில் மை இல்லை. காகிதத்தில் வெறும் தடம் விழும்படி அழுத்தி எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

“டெலிவரி?”

“கையிலயே கொண்டு போறேன்.”

கட்டியைத் தூக்குவாளிக்குள் வைத்து மூடி எடுத்து வந்தேன். கீழே இறங்கும்போது, மேலே யாரோ இரும்பை இழுக்கும் ஓசை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அதை வெளியே எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் மங்கியது தெரியவில்லை. குளியலறையில் துணிவாய் திறந்தது. உடையைக் கழற்றிப் போட்டேன். அது மூடிக்கொள்ளவில்லை. இதுவரை எங்கள் வீட்டில் பேசாத அது பேசியது.

“வீட்டில் கணக்கில் வராத நூல் இருக்கிறது. ஒப்படைக்கச் சம்மதமா?”

சம்மதம் என்றால் போடவேண்டும். இல்லை என்றால் காலையில் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த இரண்டு பதில்தான் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். போர்வையைச் சுற்றிக்கொண்டு அதன் முன் நின்றேன். படுக்கையறையில் அந்தக் கட்டி கிடப்பது கதவு வழியே தெரிந்தது.

“வீட்ல கலந்துட்டுச் சொல்லுதேன்” என்றேன்.

துணிவாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. அப்படியொரு பதிலை அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

“பதில் முழுமையாகவில்லை. நாளை மீண்டும் கேட்கப்படும்” என்றது. மூடிக்கொண்டது. உடை வந்து விழுந்தது.

மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். தினமும் மாலையில், ஒரே குரலில், அலுக்காமல் கேட்கிறது. நானும் அதையே சொல்கிறேன். தூக்குவாளியில் போட்டு மூடிவிட்டால் கேட்காது என்று தெரியும். மூடவில்லை.

இன்னும் கலந்து முடியவில்லை.