நெய்வேலியை வெட்ட வந்தவன்

"கைய எடுங்க."

வளர்மதி சொன்னது அவன் காதில் விழவில்லையோ, விழுந்தும் விழாத மாதிரி இருந்தானோ... அரிவாள் அடுத்த கிளையில் இறங்கியது. புனல் வடிவ இளம் ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாய் மழைத்தண்ணீரில் மிதந்தன.

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குப் பூ வரைகிறவள் அவள். பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால் கரையில் அவளே ஆசையாய் நட்ட செடி இது. இதைப் பார்த்துத்தான் இந்த மாதத்து ஆர்டர் முழுவதையும் வரைந்துகொண்டிருந்தாள். பாதிகூட முடியவில்லை.

"யாரைக் கேட்டு வெட்றீங்க?"

அவன் நிமிர்ந்தான். இமை நுனியில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டு... சீ, இதையா இப்போது பார்ப்பது?

"கீழ இருக்கிற வயலு எங்களுதுங்க. எம்பேரு திருமால்." அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினான். "இந்த நெய்வேலி ஒரு எடத்துல வந்து ஒக்காந்தா அப்புறம் நகராது. வேரோட புடுங்கணும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தினமும் நெய்வேலியிலிருந்து பஸ் ஏறி வருகிறவள் அவள்.

"நான் எந்த ஊருன்னு விசாரிச்சிட்டு வந்து பேசறீங்களா? நான் ஒண்ணும் உங்க வூட்டுல வந்து ஒக்காரல."

"ஐயோ, உங்கள இல்லைங்க. செடி பேரே நெய்வேலி காட்டாமணக்குதான்."

"எங்க ஊர்ல இதுக்கு ரேடியோ பூன்னுதான் பேரு. நான் நட்டது, எனக்குத் தெரியாதா?"

"அதான் இந்தச் சத்தமா?"

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லைங்க... நம்பலன்னா வந்து பாருங்க."

பொய்யென்று நிரூபிக்கவே குடையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று கரையோரம் நடந்தாள். நடை தானாய் நின்றது. ஒடிந்து மிதந்து போன குச்சியெல்லாம் வேர்விட்டு, வாய்க்கால் நெடுக அவள் செடிதான். போக வழியில்லாத மழைத்தண்ணீர் வயலுக்குள் புரண்டு, நாற்று மூழ்கிக் கிடந்தது.

வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது?

"முன்னாடியே வந்து சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?"

"வந்தேங்க. ஜன்னலுக்கு வெளிய நின்னேன். நீங்க தலையக் குனிஞ்சு இந்தப் பூவத்தான் வரைஞ்சிட்டு இருந்தீங்க... பாத்துட்டுத் திரும்பிட்டேன். மறுபடி வந்தேன். மறுபடியும் அப்படியே."

"அதுக்கு?"

"வெட்டிட்டா வரையறத நிறுத்திடுவீங்களேன்னு... இன்னிக்கு எங்கப்பா கேக்கக் கூடாதத எல்லாம் கேட்டுட்டாரு."

"பைத்தியமா உங்களுக்கு? சோறு போடற வயல முழுவ வுட்டுட்டு..." அரிவாளை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"அப்ப பூவு?"

"மனப்பாடமா இருக்குது." ஓங்கி ஒரு வெட்டு. "நாளையிலேர்ந்து ஜன்னலுக்கு வெளிய நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. "சரிங்க."

"உள்ள வந்து ஒக்காருங்க," என்றாள், திரும்பாமலே, இன்னும் கோபமாய். "நான் வரையறத நீங்க பாக்கணும் எனக்கு..."