பட்டாசு அடிக்காத மணி

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். எல்லாருக்கும் அவள் பட்டாசுதான். நடந்தால் தடதட, கதவைத் திறந்தால் படார், சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். பத்து வயதுப் பெண்ணுக்குள் இத்தனை சத்தம் எங்கேதான் இருக்குமோ!

அப்படிப்பட்ட பட்டாசு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கே போவாள் தெரியுமா? சத்தமே போடாமல் உட்காருகிறவர்களின் கூட்டத்துக்கு!

கல்லூரியில் படிக்கும் அவளுடைய அக்காவும் தோழர்களும் சேர்ந்து பௌத்த மாணவர் சங்கம் ஒன்றை நடத்தி வந்தார்கள். கல்லூரி மாணவர்களோடு பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஓர் அறை. அதில் சின்னதாக ஒரு புத்தர் சிலை, அதன் முன்னால் கிண்ணத்தில் கொஞ்சம் பூ. முதலில் எல்லாரும் வணங்குவார்கள். பிறகு கண்ணை மூடி, தங்கள் மூச்சைக் கவனித்தபடி அமைதியாக உட்காருவார்கள். "எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும்" என்று மனதார நினைப்பார்கள். கடைசியில் தேநீரும் நன்றிச் சுற்றும்.

நன்றிச் சுற்று ரொம்ப சுலபம். வட்டமாக உட்கார்ந்துகொண்டு, அந்த வாரம் யாருக்கு நன்றி சொல்ல மறந்தோமோ அவருக்கு ஒவ்வொருவராக நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பட்டாசு அங்கே போக ஆரம்பித்ததற்குக் காரணம் அம்மா. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில்தான் தூங்க முடியும். பட்டாசு வீட்டில் இருந்தால் அம்மா எங்கே தூங்குவது? அதனால்தான் அக்கா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் அந்த அறை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும், "கொஞ்ச நேரம் வாய மூடேன்!" என்பார்கள். இங்கே அப்படி யாரும் சொன்னதில்லை. அமைதி நேரத்தில் அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தால், மற்றவர்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார்கள். ஞாயிறு எப்போது வரும் என்று பட்டாசு வாரம் முழுவதும் காத்திருக்க ஆரம்பித்தாள்.

சங்கத்தில் எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு. பட்டாசு தேநீர் போட்டபோது சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தது. செருப்புகளை அடுக்கியபோது நெட்டை அண்ணன் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்போடு வீட்டுக்குப் போனான். அவன் சங்கத்திலேயே உயரமானவன். வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே வரத் தெரியாதவன்.

"எனக்கு மணி அடிக்கற வேலை குடுங்களேன்!" என்று பட்டாசு அக்காவை நச்சரித்தாள்.

அமைதி நேரம் தொடங்கும்போதும் முடியும்போதும் அடிக்கும் வெண்கல மணி அது. தரையில் ஒரு திண்டின் மேல் கிண்ணம் போல உட்கார்ந்திருக்கும். மரக்கட்டையால் தட்டினால் அதன் நாதம் அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மனம் இரங்கினாள். பட்டாசுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஓர் அடி!

டங்ங்ங்ங்ங்!

அடுத்த நொடியே தரைக்குக் கீழேயிருந்து பதில் வந்தது.

டம்! டம்! டம்!

யாரோ கம்பால் கீழ்வீட்டுக் கூரையை இடிக்கிறார்கள்! கொஞ்ச நேரத்தில் ஒருவர் மாடிக்கே வந்துவிட்டார். கசங்கின சட்டை, கலைந்த தலை, சிவந்த கண்.

"மனுஷன் தூங்கறதா வேண்டாமா? வாராவாரம் இதே ரோதனையாப் போச்சு!" என்று கத்திவிட்டு, அக்கா மன்னிப்புக் கேட்பதற்குள் விடுவிடுவென்று இறங்கிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் கட்டடத்துக்காரர் வந்தார். "அவர் இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருக்கார். நானும் எத்தனை தடவைதான் சமாதானம் பண்றது? அடுத்த வாரமும் சத்தம் கேட்டுச்சுன்னா, தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அவர் போனதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நாமளா சத்தம் போடறோம்? நாம வர்றதே சும்மா உட்கார்றதுக்குத்தானே!"

"மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் கெட்டுப்போச்சு. அதுக்கு இவ்வளவு கோவமா?"

"வேற எடம் கெடைக்குமா?" என்று நெட்டை அண்ணன் கேட்டான். இந்த ஓர் அறை கிடைப்பதற்கே படாத பாடு பட்டிருந்தார்கள்.

"சரி, கோவம் வேண்டாம். அவரும் நல்லா இருக்கணும்னு நெனைப்போம். நம்ம அன்பை அவருக்கு அனுப்புவோம்" என்றாள் அக்கா.

"அனுப்புனா போய்ச் சேருமாக்கா? அவர் இதோ கீழதானே இருக்காரு, படியெறங்கிப் போய்க் குடுத்துட்டு வந்துடலாமே?" என்று பட்டாசு கேட்டாள்.

மற்ற நாளாக இருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பட்டாசுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த அறை போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும். ஓங்கி அடித்தது அவள்தானே!

கவலையில் மறுநாள் காலையில் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. அம்மா வரும் நேரம். பட்டாசு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

பஸ் வந்து நின்றது. உள்ளே ஜன்னலில் தலை சாய்த்து அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் இருக்கையைவிட்டு எழுந்து பின்னால் நடந்து வந்தார். குனிந்து, "அம்மா... நர்ஸம்மா... உங்க ஸ்டாப் வந்துடுச்சு. மெதுவா எறங்குங்க" என்றார். கீழே விழுந்து கிடந்த பையையும் எடுத்துக் கையில் கொடுத்தார்.

பட்டாசு வாயைப் பிளந்தாள். அதே சிவந்த கண். அவரேதான்! கீழ்வீட்டுக்காரர்!

பஸ் கிளம்பிப் போன பிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அம்மா, இந்த டிரைவர் தெனமும் வருவாரா?"

"ராத்திரி முழுக்க அவர்தான் ஓட்டுவார். விடிஞ்சப்புறம்தான் வீட்டுக்குப் போவார். அவர் மட்டும் இல்லன்னா நான் தூங்கித் தூங்கிக் கடைசி ஸ்டாப்புக்கே போயிடுவேன்" என்று அம்மா கொட்டாவி விட்டாள். "ஒரு நாளாவது நன்றி சொல்லணும்னு நெனைப்பேன். தூக்கக் கலக்கத்துல எறங்கிடறேன்."

பட்டாசு நடந்த கதையைச் சொன்னாள். அம்மாவின் கொட்டாவி பாதியில் நின்றது.

"அடப்பாவமே! ராத்திரியெல்லாம் முழிச்சவராச்சே! நான் தூங்கணும்னு உங்க அக்கா உன்ன அங்க கூட்டிட்டுப் போறா. நீங்க எல்லாரும் சேர்ந்து அவரத் தூங்க விடலையா?"

பட்டாசுக்குச் சுருக்கென்றது. பகலில் தூங்குகிறவருக்கு எது எது சத்தம் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? அம்மா தூங்கும்போது வீட்டில் ஒரு சட்டமே உண்டு. கதவு இடுக்கில் துணி. டம்ளரை வைக்கும் இடத்தில் துண்டு. நாற்காலியைத் தூக்கி வைக்கணும், இழுக்கக் கூடாது. அத்தனையும் தெரிந்துகொண்டே போய் அவர் தலைக்கு மேலே மணி அடித்திருக்கிறாளே!

அவள் ஓடிப்போய் அக்காவை உலுக்கி எழுப்பினாள். "அக்கா! நாம உட்காரும்போது சத்தமே வரல. உட்கார்றதுக்கு முன்னாடியும் எழுந்ததுக்கு அப்புறமும்தான் எல்லாச் சத்தமும் வருது!"

அக்கா கண்ணைக் கசக்கினாள். "என்னடி உளர்ற?"

"இரும்புப் படியில செருப்போட தடதடன்னு ஏர்றோமா? பாயை உதறிச் சுவத்துல அடிக்கறோமா? மேசைய இழுக்கறோமா? மணிய வேற தரையிலயே வச்சிருக்கோம். கீழ அவர் தலைக்குள்ளயே அடிக்கற மாதிரி இருக்காதா?"

அக்காவுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்துவிட்டது. "இத்தனை நாளா நாங்க யாருமே இத யோசிக்கலையே!" என்று தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் பட்டாசு படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டாள். உதட்டில் விரல், கையில் துணிப்பை.

"செருப்ப இங்கயே கழட்டி இதுல போடுங்க. படியில ஓரமா ஏறுங்க, நடுவுல கிறீச்சுங்கும்."

"காலம் கெட்டுப்போச்சு! பட்டாசு நம்மள சும்மா இருக்கச் சொல்லுது!" என்று நெட்டை அண்ணன் கிசுகிசுத்தான். ஆனால் பூனை மாதிரி ஏறினான். அன்று வாசல் நிலையில் தலை இடித்தபோதுகூட வாயைப் பொத்திக்கொண்டான்.

பாய்களை உதறாமல் விரித்தார்கள். மேசையை நாலு பேர் தூக்கி வைத்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. இனி மணி.

பட்டாசு மணியைப் பார்த்தாள். அது பளபளவென்று அவளையே பார்ப்பது போல இருந்தது. எத்தனை நாள் ஆசை! மெதுவாகத் தட்டினால் என்ன? கை கட்டை வரைக்கும் போய்விட்டது.

ஆனால் அவள் அதை எடுக்கவில்லை. மணியின் மேல் துண்டைப் போர்த்தினாள். வீட்டில் அம்மாவை எழுப்பும்போது அவள் கூப்பிட மாட்டாள், ஜன்னல் திரையை விலக்குவாள். முகத்தில் வெளிச்சம் பட்டதும் அம்மா தானே கண் திறப்பாள்.

பட்டாசு திரையை இழுத்து மூடினாள். அறை மங்கலானது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். அமைதி நேரம் முடிந்ததும் திரையை மெல்லத் திறந்தாள். வெயில் வந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டது. ஒவ்வொருவராகக் கண் திறந்து சிரித்தார்கள்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. நெட்டை அண்ணன் தேநீர்த் தட்டோடு வரும் வரைக்கும்.

தட்டில் இருந்து ஒரு காலி டம்ளர் நழுவியது! அவன் அதை ஒரு காலால் தடுத்தான், மறு காலால் தடுத்தான், சர்க்கஸ்காரன் மாதிரி ஆடினான். டம்ளரோ அவன் முழங்காலில் பட்டு எகிறியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பட்டாசு பாய்ந்தாள். தரையில் விழ இருந்த டம்ளர் அவள் மடியில் வந்து விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. காற்றில் தட்டுவது போலக் கையை மட்டும் ஆட்டினார்கள்.

நன்றிச் சுற்று கிசுகிசுப்பாக நடந்தது. தேயிலை பறித்தவருக்கு ஒருவர், கணக்குச் சொல்லிக்கொடுத்த தோழிக்கு ஒருவர். பட்டாசின் முறை வந்தது.

"எங்கம்மாவ ஸ்டாப்புல எழுப்பி விடற டிரைவர் மாமாவுக்கு" என்றாள்.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். யாரோ தெரியாதவர்களுக்கெல்லாம் இந்த அறையில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். காலடியில் தூங்குகிறவரை ஒருவரும் நினைக்கவில்லை. நெட்டை அண்ணன் மெதுவாகத் தரையைத் தொட்டுத் தடவிக் கொடுத்தான்.

கூட்டம் முடிந்து ஓசைப்படாமல் இறங்கினார்கள். திடீரென்று கீழ்வீட்டுக் கதவு திறந்தது. எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

டிரைவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்க... நீங்க இன்னைக்கு வந்தீங்களா?"

"வந்தோமே! இப்பதான் முடிஞ்சுது" என்றாள் அக்கா.

"முழிச்சுப் பாத்தேன், நேரமாயிடுச்சு. ஒரு சத்தமும் இல்ல. சரி, நான் கத்துனதுல புள்ளைங்க வராமலே போயிடுச்சுங்க போலன்னு மனசு கேக்கல. கட்டடத்துக்காரர்கிட்ட சொல்லி உங்களத் திரும்பக் கூப்பிடச் சொல்லலாம்னுதான் கெளம்பறேன்."

பட்டாசு முன்னால் வந்தாள். "ரொம்ப நன்றி மாமா."

"எனக்கா? எதுக்கு?"

"எங்கம்மாவ தெனமும் எழுப்பி விடறதுக்கு. அம்மாவும் சொல்லச் சொன்னாங்க."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "நர்ஸம்மா பொண்ணா நீ? அப்ப நீதான் அந்தப் பட்டாசா! அவங்க தூக்கத்துலயே, 'பட்டாசு, சாப்பிட்டியா?'ன்னு கேப்பாங்க. நானும் பட்டாசு எங்கேயாவது சாப்பிடுமான்னு கொழம்பிப் போயிருக்கேன்!"

படிக்கட்டே சிரித்தது. டிரைவரும் வாய்விட்டுச் சிரித்தார். அந்த முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு இருந்தது.

"இவ்வளவு நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு! உங்க எல்லாருக்கும் நான்தான் நன்றி சொல்லணும். ஆமா, அந்த மணி எங்க?"

"மேல துண்டு போர்த்தித் தூங்க வச்சிருக்கேன்" என்றாள் பட்டாசு.

"இனிமே நான் முழிச்சப்புறம் கடைசியா ஒரு தடவை அடிச்சுக்க. இப்பதான் முழிச்சாச்சே, போ, எடுத்துட்டு வா."

பட்டாசு தடதடவென்று மேலே ஓடினாள். திண்டையும் மணியையும் தூக்கி வந்து படியில் வைத்தாள். கட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். இந்த முறை ஓங்கவில்லை. மூச்சை விட்டுவிட்டு, அளவாகத் தட்டினாள்.

டங்ங்ங்ங்...

டிரைவர் கண்ணை மூடிக் கேட்டார். "அட! இவ்வளவு நல்ல மணியையா நான் இத்தனை நாளாத் திட்டிக்கிட்டு இருந்தேன்!"

அந்த நாதம் முழுசாக அடங்கும்வரை படிக்கட்டில் ஒருவரும் பேசவில்லை, பட்டாசுகூட.