வழிவிடு விதி

மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த பூங்கோதை, பின்னால் ஒரு கார் நெருங்கியதும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் குழாயில் மோர் உறிஞ்சினாள். அவள் கார் தானே வேகம் குறைத்து ஒதுங்கியது. பின்னால் வந்தவன் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு முந்திப் போனான். கோவைப் பந்தயத் திடலில் எல்லாச் சுற்றிலும் இதுதான் நடக்கும்.

இந்த வழிவிடு விதியைக் கொண்டுவந்தவளே அவள்தான். பந்தயக் கார்களின் சக்கரங்கள் மூடியில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முந்தும்போது சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார் அந்தரத்தில் பறக்கும். அவள் அண்ணன் அப்படித்தான் போனான். அதன்பின் காலில் விழாத குறையாக எல்லாரிடமும் கெஞ்சி, ஒவ்வொரு காரிலும் தானே ஓட்டி ஒதுங்கும் 'வழிமூளை' என்ற கருவியைப் பொருத்த வைத்தாள். பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்தால் முன்னால் போகிறவன் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பிறகு திடலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அரசாங்கத்துக்கு வாயெல்லாம் பல். சாலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் அதையே சட்டமாக்கிவிட்டது. ஆம்புலன்ஸுக்கும்தான். ஆம்புலன்ஸை எவன் முந்தப்போகிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அன்று பந்தயம் முடிந்து இறங்கியபோது, பார்வையாளர் வரிசையில் அவள் கணவன் சபரிநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தான். ஓட்டுநர் இல்லாத ஆம்புலன்ஸ் இருவரையும் ஏற்றிக்கொண்டது. அவிநாசி சாலையில் சைரன் கேட்டதும் முன்னால் இருந்த வண்டிகளெல்லாம் தாமாகவே விலகின. பூங்கோதைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திறந்த வழியை நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? வழிமூளையை அணைத்துக் கையால் ஓட்ட 'அவசரம்' என்றொரு பொத்தான் உண்டு. ஆளாளுக்கு அதை அமுக்கிவிட்டு ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பின்னால் வாகனம் நெருங்குகிறது. பாதுகாப்புக்காக வழிவிடுகிறோம்" என்றது ஆம்புலன்ஸ். ஒதுங்கியது. ஒரு கார் போனது. அடுத்தது ஒட்டியது. மறுபடி ஒதுங்கியது.

அந்த ஆம்புலன்ஸில் ஸ்டீயரிங்கும் இல்லை, அவசரப் பொத்தானும் இல்லை. பூங்கோதை அந்த இயந்திரத்தைத் திட்டினாள், கெஞ்சினாள், விதியை எழுதியவளே நான்தான் என்று கத்தினாள். அது ஒவ்வொரு முறையும் மரியாதையாக அதே பதிலைச் சொன்னது.

"வந்துட்டமா கண்ணு?" என்று கேட்டான் சபரி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டான். அப்புறம் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார்.

பந்தய உடுப்போடு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவளை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. யாரோ நோயாளியைப் பார்க்க வந்தவர். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது.

"பூங்கோதை மேடம்தானுங்களே? உங்க விதியால நாங்கெல்லாம் நிம்மதியா இருக்கோமுங்க. இன்னைக்கு ஒரு ஆம்புலன்ஸ் பின்னாடியே வந்தனுங்க. கடைசீல அதையும் முந்திட்டேன். அவிநாசி ரோட்டுல இத்தனை சீக்கிரம் நான் வந்ததே இல்லீங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படி என்ன அவசரம் என்று கேட்டாள்.

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் அவர். "ஆளைப் பாக்க உள்ள விடறதுக்கே இன்னும் நேரங் கெடக்குது. வழி கெடச்சுது, வந்துட்டேன்."