சிவகாமசுந்தரி கொடுத்த லைன்

1957. மெர்டேக்காவுக்கு, மலாய் நாட்டின் சுதந்திர தினத்துக்கு, இன்னும் பன்னிரண்டு நாள்தான். காஜா பேராங் சாலையில் ஓடும் சைக்கிள்களில்கூடக் கொடி கட்டியாகிவிட்டது. சிவகாமசுந்தரிக்கு அதையெல்லாம் பார்க்க மனமில்லை. வலது காதில் மூன்று வாரமாக ஒரு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் வியாழக்கிழமை காதுப் பரிசோதனையில் தேறவேண்டும். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளும் தங்கை கமலவேணியும் சாப்பிடுவது அந்தச் சம்பளத்தில்தான்.

டாக்டர் பொன்னுதுரை ஒரு பழைய செட்டி வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து வைத்தியம் பார்த்துவந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், அவசரம் என்பதே தெரியாது. பகல் மூன்று மணிக்கும் அந்த அறை இருண்டு கிடந்தது. மருந்து நெடியை மீறி உள்ளேயிருந்து சாம்பிராணி வாடை வந்தது. விளக்கைக் காதருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“காதிலை ஒரு பழுதும் இல்லை பிள்ளை. பல்லை இறுக்கிக் கடியும் பாப்பம்.”

கடித்தாள். மணி ஓங்கியது.

“கழுத்தை வலப்பக்கம் திருப்பும்.”

இன்னும் ஓங்கியது. கீழ்த்தாடையை முன்னால் தள்ளச் சொன்னார், மணி சட்டென்று தேய்ந்தது. காதுக்கு முன்னால் தாடை மூட்டை அவர் அழுத்தியபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நோய் பிடிபட்டுவிட்டதல்லவா. நாள் முழுக்க ஹெட்செட்டைச் சுமந்து, கழுத்தை வளைத்து, வேலை போய்விடுமோ என்று தூக்கத்திலும் பல்லைக் கடித்தால் மூட்டும் தசையும் சும்மா இருக்குமா? சத்தம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்றார். சுடுதண்ணீர் ஒத்தடம், மெல்லத் தேவையில்லாத கஞ்சி, காலை மாலை ஒரு பயிற்சி: கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, வாயை மெல்லத் திறந்து, பத்து எண்ணும்வரை அப்படியே இருக்கவேண்டும்.

வாசலில் வீட்டுக்கார அம்மாள் கூட்டிக்கொண்டிருந்தாள். தலைமுறைகளாக இங்கேயே ஊறிப்போன செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய்தான். உடம்புக்கு என்ன என்று விசாரித்தவள், பதிலைக் கேட்டதும் கூட்டுவதை நிறுத்தினாள்.

“ஜாஙான் சாஹுத்,” என்றாள் தணிந்த குரலில். பதில் சொல்லாதே.

சிவகாமசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது. மணியடித்தால் பதில் சொல்வதற்குத்தானே சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது.

செவ்வாய் காலை, ஒத்தடத்துக்குத் தண்ணீர் கொதிக்கும்போதே பயிற்சியைத் தொடங்கினாள். ஏழு எண்ணும்போது மணி நின்றது.

நின்ற இடத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

இரண்டு வருடப் பழக்கம். அவள் யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. “நம்பர் ப்ளீஸ்.”

“கமலவேணி,” என்றது ஒரு பெண்குரல்.

உள்ளே தங்கை தலை பின்னிக்கொண்டிருந்தாள். சிவகாமசுந்தரி அவள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “லைன் என்கேஜ்ட்” என்று சொல்லி வாயை மூடினாள். மணி முன்னைவிடப் பலமாக அடித்தது.

மாலையிலும் அதே குரல், அதே பெயர். புதனும் அப்படியே போனது. பயிற்சியை விடவும் முடியவில்லை. மணி நிற்பது அந்த ஒரு நிமிஷம்தான். மறுக்க மறுக்கச் சத்தம் ஏறியது. புதன் சாயங்காலம் கமலவேணி எதிரில் நின்று பேசியது அவளுக்குக் கேட்கவேயில்லை.

வியாழன் காலை. பரிசோதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம்.

கழுத்தைச் சாய்த்தாள். வாயைத் திறந்தாள்.

“கமலவேணி.”

எல்லாம் தாடை மூட்டு செய்கிற வேலை, டாக்டரே சொல்லிவிட்டார், இல்லாத குரலுக்கு என்ன சொன்னால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தங்கை இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

“கனெக்டிங்,” என்றாள்.

காது பளிச்சென்று திறந்தது. தெருவில் போன சைக்கிள் மணி, கஞ்சி கொதிக்கும் ஓசை, எல்லாம் கேட்டன. பரிசோதனையில் ஒரு சத்தத்தையும் அவள் தவறவிடவில்லை. வேலை நிரந்தரமாயிற்று. திரும்பும் வழியில் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் தங்கைக்குப் பாவாடைத் துணி எடுத்தாள். எடுக்கும்போதே வெட்கமாக இருந்தது.

வீட்டில் கமலவேணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வாய் பாதி திறந்திருந்தது.

அந்தப் பயிற்சியை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

“கமலா, கழுத்த நேரா வை. வாய மூடு.”

“முடியல அக்கா.” உதடு ஒட்டாமல் பேசினாள். “ஒரு பொம்பள பேசுது. நீ நல்ல லைன் குடுத்தியாம்.”

துணிப்பொட்டலம் கீழே விழுந்தது. சிவகாமசுந்தரி இரண்டு கையாலும் அந்தத் தாடையைப் பிடித்து மூடப் பார்த்தாள். தங்கை பேசி முடித்துவிட்டாள். ஆனால் விரலடியில் மூட்டு மட்டும் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல அசைந்துகொண்டிருந்தது.

கமலவேணி அது முடியும்வரை கவனமாகக் கேட்டாள். பிறகு கண்ணை மட்டும் திருப்பினாள்.

“அடுத்த நம்பர் வேணுமாம், அக்கா.”