மடுவில் இறங்கியவர்கள்

"வலது பக்கமா வராத, பாறை வழுக்கும்" என்று பகலவன் முன்னால் நடந்தபடியே சொன்னான். அம்சவள்ளி நின்று பார்த்தாள். வலது பக்கம் பாறையே இல்லை. ஒற்றையடிப் பாதை மூங்கில் புதரைச் சுற்றி வளைந்து, மக்கிய இலைகளின் வாடையும் ஈர மண்ணின் குளிர்ச்சியும் நிறைந்த நிழலுக்குள் இறங்கி, இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் பாசி படர்ந்த அந்தப் பாறை வந்தது. இந்த மலைக்கு இதுவரை வந்ததே இல்லை என்று அன்று காலையில்தான் அவன் சொல்லியிருந்தான்.

யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பகலவன் கடலூர் துறைமுகத்தில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவன். களமருதூரில் அப்பாவின் வயல் கிணற்றில் நீந்திப் பழகியவள் அம்சவள்ளி என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. கடலூரிலிருந்து கோடியக்கரை வரை கரையோரமாகவே மோட்டார் சைக்கிளில் போக வேண்டும், ஆளில்லாத மணலில் தார்ப்பாய் கட்டிப் படுக்க வேண்டும், கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் இருவரும் மீன் பார்க்க வேண்டும். அதற்காகவே கப்பல்காரர் ஒருவரிடம் மூச்சுக்குழாய் வைத்த நீச்சல் கண்ணாடிகள் இரண்டு வாங்கி வைத்திருந்தான்.

களமருதூரில் அவள் அம்மா வீட்டுக்கு வந்து தங்கிவிட்டு அவர்கள் புறப்பட இருந்த புரட்டாசியில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைக்குக் கிழக்கே ஒரு வண்டியும் போகவில்லை. கலவரம் அடங்கும்வரை அம்மா வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அவள் சொன்னாள். அவன் கேட்கவில்லை. மேற்கே கல்வராயன் மலையில் ஒரு மடு இருக்கிறதாம், கடல் தண்ணீரைவிடத் தெளிவாக இருக்குமாம் என்று வண்டியைத் திருப்பிவிட்டான்.

கள்ளக்குறிச்சிக்கு முன்னால் ஒரு கூட்டம் மறித்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்கள். அவன் அவள் கேள்விப்படாத ஓர் ஊரைச் சொல்லி, அங்கே அரங்கநாதன் மகன் என்றான். கச்சிராயபாளையத்தில் மறுபடி மறித்தபோது ஊரும் வேறாக இருந்தது, அப்பா பெயரும் வேறாக இருந்தது. இரண்டு இடத்திலும் நம்பினார்கள். வெட்டிச் சாய்த்த மரத்துக்கு மேலாக வண்டியைத் தூக்கிவிடவும் செய்தார்கள். பயத்தில் சொன்ன பொய்யாக இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் குரலில் பயமே இல்லை. பெண் பார்க்க வந்த அன்று தன் குடும்பத்தைப் பற்றி அவள் அப்பாவிடம் சொன்னதும் இதே குரலில்தான். கல்யாணத்துக்கு அவன் பக்கத்திலிருந்து உறவு என்று ஒருவரும் வரவில்லை.

மடு, மலை இரண்டாகப் பிளந்த இடத்தில் இருந்தது. மேலே சிறிய அருவி, சத்தமில்லாமல் பாறையோடு ஒட்டி வழிந்தது. தண்ணீர் அசையவே இல்லை. அதன் மேல் பூச்சி இல்லை, தவளை இல்லை, சருகு ஒன்றுகூட மிதக்கவில்லை. பகலவன் தார்ப்பாயை இரண்டு மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினான். அந்த மரங்களின் பட்டையில் கயிறு அறுத்த பழைய தழும்புகள் இருந்தன. அவன் கட்டிய கயிறு அந்தத் தழும்புகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்தது.

பிறகு அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கினான். மூச்சுக்குழாயின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் மெல்ல நகர்ந்து, நடு மடுவுக்குப் போய், உள்ளே போய்விட்டது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மேலே சருகுச் சத்தம் கேட்டது. கடுக்காய் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு நடுவயது மலைக்காரி ஒருத்தி வந்தாள். பேர் ஆயம்மாள் என்றும், பக்கத்துக் குடிசைக்காரி என்றும், அவர்கள் இருவரும் வந்ததை மேலேயிருந்து பார்த்ததாகவும் சொன்னாள். இங்கே ராத்தங்கப் போகிறீர்களா என்று கேட்டாள். அம்சவள்ளி தலையசைத்தாள். ஆயம்மாள் தார்ப்பாயைப் பார்த்தாள், கரையில் மடித்து வைத்திருந்த அவன் சட்டையைப் பார்த்தாள். மூட்டையை இறக்காமலே நின்றாள்.

"போன வருசம் இதே ஆளு ஒரு பொண்ண இட்டுக்கினு வந்தாரும்மா" என்றாள் மெதுவாக. "அந்தப் பொண்ணு எறங்குனத பாத்தேன். ஏறுனத பாக்கல."

அம்சவள்ளி மடுவைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு?" என்றாள்.

"அவரும் பின்னாலயே எறங்குனாரு. இருட்டுற வரைக்கும் நின்னு பாத்தேன். அவரும் ஏறல."

நடு மடுவில் தண்ணீர் விரிந்தது. பகலவனின் தலை மேலே வந்தது. ஆயம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமல் வேகமாக நடந்து புதருக்குள் மறைந்தாள்.

அவன் கரையேறினான். இவ்வளவு நேரம் உள்ளே இருந்தவனுக்கு மூச்சு வாங்க வேண்டும். வாங்கவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று அவள் உற்றுப் பார்த்தாள். தண்ணீர் மட்டும் அதன் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"ஏங்க, நீங்க இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இல்லியே" என்றான். மறியல்காரர்களிடம் சொன்ன அதே குரல். "கீழ எவ்ளோ நல்லா இருக்கு தெரியுமா. நீயும் வா அம்சா."

தலை வலிக்கிறது, அப்புறம் வருகிறேன் என்று அவள் சமாளித்தாள். அவன் வற்புறுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தபடியே மறுபடி இறங்கினான். குழாய் இல்லாமல். கண்ணாடி இல்லாமல்.

ஓடிவிடலாம். வண்டிச் சாவி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கீழே சாலையில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ் கிடையாது. ஆயம்மாள் போன வழி எது என்றும் தெரியவில்லை. போகலாமா என்று எழுந்தவள் போகவில்லை. அந்தப் பொம்பளை ஆள் மாறிச் சொல்லியிருந்தால்? அவன் உள்ளே மூழ்கித் தவித்துக்கொண்டிருந்தால்? காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் அவள் காலைப் பிடித்துவிட்டவன் அவன். அந்தக் கைகள் அப்போதும் சில்லென்றுதான் இருந்தன.

வெயில் சாய்ந்து மடுவுக்குள் இறங்கியது. அவன் வரவில்லை.

அவளுக்கென்று வாங்கிய கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்தாள். ஒரு முறைகூட அவள் மாட்டிப் பார்த்ததில்லை. அதன் ரப்பர் பட்டையில், கொக்கியைச் சுற்றி, நீளமான முடி சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தாள். அவள் முடியைவிட நீளம். ஈரம்.

கீழே போட்டுவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் அருவி என்று நினைத்தாள். அருவி இல்லை. பேச்சு. பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ பேசுவது போல, தணிந்து, விட்டுவிட்டு. தண்ணீருக்குக் கீழேயிருந்து. பாறையில் மண்டியிட்டுக் காதை மடுவின் மேல் வைத்தாள். அவன் குரல். படுக்கையில் அவளிடம் பேசும் குரல். இடையில் ஒரு பெண் சிரித்தாள்.

கண்ணாடியை எடுத்தாள். முடியோடு சேர்த்தே மாட்டினாள். மூச்சைப் பிடித்தாள். முகத்தை உள்ளே விட்டாள்.

தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வெயில் அடிவரை போயிருந்தது. வெள்ளை மணல். மணலில் பகலவன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். வாய் அசைந்தது. ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. அவன் தோளில் தலை சாய்த்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முடி மேல்நோக்கி நின்று ஆடியது. கழுத்தில் மஞ்சள் கயிறு. கண் இருந்த இடத்தில் சிறு மீன்கள் போய்ப் போய் வந்தன.

அவன் பேச்சை நிறுத்தினான்.

இருவரும் மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். அந்தப் பெண் அம்சவள்ளியைப் பார்த்துத் தலையசைத்தாள். வாசலில் வந்து நிற்கும் உறவுக்காரியைப் பார்த்து அசைப்பது போல.

பிறகு இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து, நடுவில் இடம் விட்டார்கள்.